"எப்படி அடிபட்டது?" என்று டாக்டர் கேட்கும்போது

தம்புச் செட்டி தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது எங்கள் ஜாப் டைப்பிங் கடை. இருபத்திரண்டு வருடங்களாக அங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன். முதல் ஆறு வருடம் மெஷின், பிறகு கம்ப்யூட்டர். சாலையைக் கடந்தால் உயர் நீதிமன்ற வளாகம். அதற்குள் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் சென்னையில் விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயமாகவும் இருக்கிறது. குமாஸ்தாக்கள் அந்த மனுக்களை எம்.சி.ஓ.பி. என்பார்கள். நான் அடித்த எம்.சி.ஓ.பி.க்களை எண்ணியதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு வயது, ஒரு தொழில், ஒரு மாத வருமானம், ஓர் உடைந்த எலும்பு அல்லது ஓர் இறப்புச் சான்றிதழ் இருக்கும்.

நான் வக்கீல் இல்லை. சட்டம் படித்தவளும் இல்லை. ஆனால் எந்தக் காகிதம் இல்லாமல் போனதால் ஒரு குடும்பம் நின்று தவித்தது, எந்த ஒரு வரியால் ஒரு நல்ல வழக்கு நொண்டியானது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி என் வீட்டுக்குள்ளேயே எழுதப்பட்டபோதுதான் இதைப் பொதுவில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

2025 ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை இரவு. என் தம்பிக்கு வயது 34, ஏ.சி. மெக்கானிக். சொந்தமாகத் தொழில் செய்கிறான். கொளத்தூர் பக்கம் ஒரு வேலையை முடித்துவிட்டு, ரெட்டேரி சந்திப்பு தாண்டி பைக்கில் வந்துகொண்டிருந்தான். வலப்பக்கம் சென்ற 'குட்டி யானை' என்னும் சிறு சரக்கு வேன் ஒன்று சிக்னல் விளக்குப் போடாமல் இடப்பக்கச் சந்துக்குள் திரும்பியது. வண்டியின் பின்மூலை இவன் கைப்பிடியில் இடித்தது. விழுந்ததில் இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. தலைக்கவசம் போட்டிருந்தான். கவசத்தில் ஒரு பக்கம் முழுவதும் தேய்ந்திருந்தது. தலையில் ஒரு கீறல் இல்லை.

குட்டி யானையை ஓட்டியவன் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன். ஓடவில்லை. அவனும் டீக்கடைக்காரரும் சேர்ந்துதான் தம்பியை 108 ஆம்புலன்சில் ஏற்றினார்கள். பையனும் கூடவே மருத்துவமனைக்கு வந்தான். வழியெல்லாம் தம்பியின் நண்பரிடம், "அண்ணா, போலீஸ் கேஸ் மட்டும் வேண்டாம் அண்ணா. செலவை முதலாளி பார்த்துக்கொள்வார். என் வேலை போய்விடும்" என்று கெஞ்சியிருக்கிறான். அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டபோது, நண்பர் அந்தப் பையன் முகத்தைப் பார்த்துவிட்டு, "வண்டி சறுக்கி விழுந்துவிட்டார் டாக்டர்" என்று சொல்லிவிட்டார்.

இரக்கத்தில் சொன்ன பொய். அவரை நான் இன்றுவரை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் நான் வியாசர்பாடியிலிருந்து ஆட்டோ பிடித்து இரவு பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, விபத்துப் பதிவேட்டில் அது ஏறிவிட்டது. எங்கள் வட்டாரத்தில் அதை ஏ.ஆர். என்போம். விபத்தில் அடிபட்டு வரும் ஒவ்வொருவருக்கும் அதில் பதிவு உண்டு: எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தது, எங்கே எப்போது எப்படி அடிபட்டதாகச் சொல்லப்படுகிறது, என்னென்ன காயம். அந்த "எப்படி" என்ற இடத்தில் "இருசக்கர வாகனத்திலிருந்து தானாகச் சறுக்கி விழுந்ததாக" என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தது.

அந்த வரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் கையில் எடுப்பது ஏ.ஆர். நகலைத்தான். "சம்பவம் நடந்த ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் சறுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். வேன் என்ற சொல்லே இதில் இல்லை. பணத்துக்காகப் பிறகு ஒரு வேனைச் சேர்த்திருக்கிறீர்கள்" என்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அப்படி இல்லாத வண்டியைச் சேர்க்கும் ஆட்களும் இருக்கிறார்கள். உண்மையாகவே வேன் இடித்தவர்கள், யாரோ செய்த மோசடிக்காகச் சந்தேகிக்கப்பட்டுக் கூண்டில் நிற்பார்கள்.

அந்த இரவு நான் செய்தது இதுதான். எழுதியதை அடிக்கச் சொல்லவில்லை. அடித்துத் திருத்தினால் அது இன்னும் பெரிய வினையாகும். பணியிலிருந்த டாக்டரிடம், "நோயாளி முழு நினைவோடு இருக்கிறார். தயவுசெய்து அவரையே கேளுங்கள். அவர் சொல்வதை, சொன்ன நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்" என்று கேட்டேன். இளம் டாக்டர், களைத்துப் போயிருந்தார். ஆனாலும் வந்து கேட்டார். தம்பி வண்டி எண் உட்படச் சொன்னான். அவர் தேதி, நேரம் போட்டு எழுதினார். அந்த நான்கு வரிகளுக்காக அவருக்கு என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

ஆகவே முதல் வேண்டுகோள் இதுதான். அவசர சிகிச்சைப் பிரிவில் அந்தக் கேள்வி கேட்கப்படும்போது, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த வாகனம், எண் தெரிந்தால் எண், எந்த இடம், எத்தனை மணி. அடிபட்டவர் பேச முடிந்தால் அவரே சொல்லட்டும். எண் தெரியாவிட்டால் "எண் தெரியாத வேன்" என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே. தனியார் மருத்துவமனையில் சேர்த்தாலும் இதேதான். முடிந்தால் அன்றே அந்தப் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

இதில் ஓட்டுநர் பையன்களுக்குப் புரிய வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் பையனிடம் அன்று இரவே நான் கேட்டேன். "தம்பி, லைசென்ஸ் இருக்கிறதா?" இருந்தது. "வண்டிக்கு இன்சூரன்ஸ்?" மொபைலில் எம்பரிவாகன் செயலியைத் திறந்து வண்டி எண்ணைப் போட்டுக் காட்டினான். நடப்பில் இருந்தது. "அப்படியானால் இவனுக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீட்டை நீயோ உன் முதலாளியோ உங்கள் கையிலிருந்து தரப்போவதில்லை. இன்சூரன்ஸ் தரும். அதற்காகத்தான் வருடா வருடம் பணம் கட்டுகிறார்கள்" என்றேன். அவனுக்கு அதை யாருமே சொன்னதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு என்ற சொல்லைப் பாலிசித் தாளில் பார்த்திருக்கிறானே தவிர, அந்த மூன்றாம் நபர் என் தம்பிதான் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

கிரிமினல் வழக்கு தனி. அது அவன்மேல் வரத்தான் செய்யும், அதை மறைக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அஜாக்கிரதையாக ஓட்டியதற்குப் பிரிவு 281, கொடுங்காயம் ஏற்பட்டால் பிரிவு 125, உயிர் போனால் 106. பழைய 304-ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு வருடமாக இருந்த தண்டனை 106(1) பிரிவில் ஐந்து வருடமாகியிருக்கிறது. ஆனாலும் இது பிணையில் விடக்கூடிய குற்றம்தான். இடித்துவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் என்று சொல்லும் 106(2) பிரிவு லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் நிற்கிறது. அதற்காக ஓடலாம் என்று அர்த்தமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநருக்கு மூன்று கடமைகளைச் சொல்கிறது: அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது, காவல்துறைக்குச் சொல்வது, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்வது. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் அங்கேயே நின்று உயிரை விடச் சட்டம் சொல்லவில்லை. கூட்டத்தின் ஆத்திரத்தை அந்தப் பிரிவே ஒரு காரணமாக ஒத்துக்கொள்கிறது. அப்போது நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லலாம், 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

ஆள் மாற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டியதற்கு லைசென்ஸ் இருக்கும் அண்ணன் பெயரைக் கொடுப்பது ஏதோ குடும்பப் பாசம் போல நடக்கிறது. பொய்ச்சாட்சியில் இரண்டு பேரும் மாட்டுவீர்கள். அடிபட்டவரின் வழக்கும் அந்தப் பொய்யோடு சேர்ந்து சிதையும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினாலும் பெரும்பாலான வழக்குகளில் காப்பீட்டு நிறுவனம் முதலில் அடிபட்டவருக்குப் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கும்படி நீதிமன்றம் சொல்லும். அந்தப் பாரம் உரிமையாளர் தலையில் விழும். அது அவர் லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்ததற்கான விலை. பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் கொடுத்திருந்தால் 25,000 ரூபாய் அபராதமும் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவு சொல்கிறது.

மறுநாள் காலை புகார். சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது. வீட்டுப் பக்கத்துச் சட்டம் ஒழுங்கு நிலையத்துக்குப் போய் அங்கிருந்து அனுப்பப்பட்டு அலைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த நிலையத்துக்குப் போனாலும் எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது. எல்லை எதுவானாலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்பதைப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு எழுத்திலேயே சொல்கிறது. அதன் நகல் இலவசம். எங்களுக்கு முதலில் சி.எஸ்.ஆர். ரசீதுதான் தந்தார்கள். நிறைய பேர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரமாக மடித்து வைத்துவிடுகிறார்கள். அது புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது மட்டும். வழக்கு எண், சட்டப் பிரிவு, வண்டி எண் மூன்றும் இருக்கும் எஃப்.ஐ.ஆர். கைக்கு வரும்வரை நான் இரண்டு முறை போய் நின்றேன்.

டீக்கடைக்காரர் சாட்சி சொல்லத் தயங்கினார். "கோர்ட்டுக்கு அலைய விடுவார்கள் அம்மா" என்றார். அவர் பயம் நியாயமானது, பழைய அனுபவத்தில் வந்தது. ஆனால் 2016-இல் உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுகிறவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019 திருத்தத்தில் அது 134-ஏ என்ற பிரிவாகவே மோட்டார் வாகனச் சட்டத்தில் ஏறியது. உதவியவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவமனை அவரைப் பணம் கட்டச் சொல்லித் தடுத்து வைக்க முடியாது. சாட்சியாக வருவது அவர் விருப்பம். இதையெல்லாம் எழுதி வைத்துப் படித்துக் காட்டினேன். அவர் கடைசியில் பெயர் கொடுத்தார். பக்கத்துக் கடையின் கேமராவையும் அவர்தான் காட்டினார். அந்தக் கேமராவில் சில நாட்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும் என்று கடைக்காரர் சொன்னதால் அன்றே புலனாய்வு அதிகாரிக்கு எழுத்தில் கேட்டுக் கொடுத்தோம்.

சிகிச்சைச் செலவைப் பற்றி ஒரு பாரா. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்திருக்கும் அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். ரேஷன் கார்டு, வருமானம் எதுவும் கேட்கக் கூடாது. வெளி மாநிலத்தவருக்கும் உண்டு. மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் வந்தது. விபத்து நாளிலிருந்து ஏழு நாளுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. மருத்துவமனை வாசலில் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். நாமாகக் கேட்டால்தான் சில இடங்களில் நினைவுக்கு வருகிறது.

இனி நான் கோபத்தோடு எழுதப்போகும் பகுதி. தம்பி வார்டுக்கு மாறிய இரண்டாம் நாள், அறிமுகமில்லாத ஒருவர் பழங்களோடு வந்து உட்கார்ந்தார். எங்கள் பெயர், வண்டி எண் எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். வக்காலத்துத் தாள்களை நீட்டி, "எங்கெங்கே பென்சில் குறி இருக்கிறதோ அங்கெல்லாம் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பைசா செலவில்லை. வருவதில் எங்களுக்கு ஒரு பங்கு" என்றார். வலியில் கிடப்பவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான். என் தம்பி போடவில்லை, காரணம் அவன் அக்கா தம்புச் செட்டி தெருவில் வேலை செய்கிறாள். மற்றவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

வழக்கறிஞர் ஒருவர் வரப்போகும் பணத்தில் பங்கு பேசிக் கட்டணம் வைக்கக் கூடாது என்பது பார் கவுன்சிலின் விதி. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத் தரகரை அனுப்புவதும் கூடாது. நேர்மையான வக்கீல்கள் இந்தத் தெருவிலேயே ஏராளம், அவர்களுக்காகத்தான் நான் தட்டச்சு செய்கிறேன். அவர்கள் யாரும் பழம் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வருவதில்லை. கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நிரப்பப்படாத தாளில் கையெழுத்து வேண்டாம். சாலையோரத்திலேயே ஐயாயிரமோ பத்தாயிரமோ வாங்கிக்கொண்டு "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதிக் கொடுப்பதும் வேண்டாம். எலும்பு கூடுமா என்று அன்று யாருக்கும் தெரியாது.

எண்ணூரிலிருந்து வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் கன்டெய்னர் லாரி மோதி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "கிரிமினல் கேஸ் முடியட்டும், அப்புறம் இழப்பீடு போடலாம்" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது தவறான ஆலோசனை. இரண்டும் தனித்தனி வழக்கு. ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீடு கிடைக்க வழி உண்டு. தீர்ப்பாயம் பார்ப்பது எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதைத்தான், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பதை அல்ல. காத்திருந்ததில் வந்த கேடு வேறு. இழப்பீட்டு மனுப் போடுவதற்கு இருந்து, 1994-இல் நீக்கப்பட்ட காலக்கெடு, 2022 ஏப்ரல் 1 முதல் மீண்டும் வந்துவிட்டது: விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். அந்த அம்மா கடையில் உட்கார்ந்து தேதியை எண்ணி எண்ணிப் பார்த்தது எனக்கு மறக்காது. பிறகு 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அந்தக் கெடுவை எதிர்த்து நிலுவையில் இருக்கும் வழக்குகள் முடியும்வரை, காலம் கடந்தது என்று சொல்லி மனுக்களைத் தள்ளக் கூடாது என இடைக்கால உத்தரவு போட்டது. அது இடைக்கால உத்தரவு. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஆறு மாதம் என்றே மனத்தில் வையுங்கள். விபத்து வேறு ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனால் கதவு மூடிவிட்டது என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று 2022 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. முன்பு அது 25,000, 12,500 என்று இருந்தது. விண்ணப்பம் நீதிமன்றத்துக்கு அல்ல, விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறைக்குப் போகும். அதற்கும் எஃப்.ஐ.ஆர். வேண்டும்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் பழைய பைக்கை மெக்கானிக் ஒருவர் மூலம் விற்றார். ஆர்.சி. புத்தகத்தையும் கையெழுத்துப் போட்ட படிவங்களையும் கொடுத்துவிட்டு, பெயர் மாறியதா என்று பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்தது, முதல் எதிர்மனுதாரர் அவர். வண்டி யார் யார் கைக்கோ போய், இன்சூரன்ஸ் காலாவதியாகி, ஒரு முதியவரை இடித்திருக்கிறது. "நான் விற்றுவிட்டேனே" என்றார். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஓய்வூதியத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார். வண்டியை விற்றவர்கள் இன்றே அதே எம்பரிவாகன் செயலியில் பழைய எண்ணைப் போட்டு யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். இது ஐந்து நிமிட வேலை.

தொகை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரியாததால்தான் தரகர் சொல்லும் எண்ணை எல்லோரும் நம்புகிறார்கள். கணக்கு ஒன்றும் ரகசியம் இல்லை. 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்ததுதான் நாடு முழுவதும். வயதுக்கு ஒரு பெருக்கெண் உண்டு. 31 முதல் 35 வயது வரை 16. சுயதொழில் செய்பவர் நாற்பது வயதுக்குள் இருந்தால் எதிர்கால உயர்வுக்கு வருமானத்தோடு 40 சதவீதம் சேர்க்க வேண்டும். தம்பியின் வருமானம் மாதம் 15,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால், உயர்வோடு 21,000. வருடத்துக்கு 2,52,000. பதினாறால் பெருக்கினால் 40,32,000. அவனுடைய சம்பாதிக்கும் திறன் 15 சதவீதம் போய்விட்டது என்று முடிவானால் 6,04,800 ரூபாய். இதற்கு மேல் மருத்துவச் செலவு, வேதனைக்கு, வேலை போன மாதங்களுக்கு, உடனிருந்தவருக்கு என்று தனித்தனியாக. நிரந்தரப் பாதிப்பு குறைவு என்று கருதினால் ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் போட்டுக் கொடுப்பதும் உண்டு.

இந்தக் கணக்கில் இரண்டு எண்கள்தான் உயிர்நாடி. ஒன்று வருமானம். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! ஆதாரம் இல்லையென்றால் தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை அனுமானிக்கும். பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். தம்பிக்கு வாடிக்கையாளர்கள் ஜி பேயில் அனுப்பிய பணம் ஒரு வருடத்துக்கு வங்கிக் கணக்கில் இருந்தது, அதைத்தான் வைத்தோம். பூக்கட்டுபவர், தையல்காரர், ஆட்டோ ஓட்டுபவர் யாரானாலும் வரவை ஒரு நோட்டில் எழுதுங்கள். கொஞ்சமாவது வங்கி வழியாக வரட்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு வருமானமில்லை என்று மனுவில் 'இல்லை' போடச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவள் உழைப்புக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு முறைக்கு மேல் சொல்லியாகிவிட்டது. நான் அந்த இடத்தில் 'இல்லை' என்று அடிக்க மாட்டேன். வக்கீலிடம் திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பேன்.

இன்னொன்று பாதிப்பு. மருத்துவக் குழு காலைப் பார்த்து ஒரு சதவீதம் தரும். அந்தச் சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எத்தனையோ மனுக்களில் அடித்திருக்கிறேன், என் வீட்டுக்கு வரும்வரை அதன் அர்த்தம் முழுதாக உறைக்கவில்லை. இதே கால் எனக்கு முறிந்திருந்தால், கூடிய பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்திருப்பேன். என் தம்பி ஏணியில் ஏறி, மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு காலை ஊன்றி, ஏ.சி.யின் வெளிப்பெட்டியைத் தூக்கிப் பொருத்துகிறவன். உள்ளே தகடு வைத்த கால் இன்று படி இறங்கும்போதே அவனுக்கு நடுங்குகிறது.

டிசம்பரில் மனுத் தாக்கல் ஆனது. அதை நானே அடித்தேன். இணைப்பாக எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். நகல், டாக்டர் நேரம் போட்டு எழுதிய அந்தக் கேஸ் ஷீட் பக்கம், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), மருந்து ரசீதுகள். சறுக்கி விழுந்ததாகச் சொல்லும் வரியையும் மறைக்காமல், நண்பர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் மனுவிலேயே எழுதச் சொன்னார் வக்கீல். குட்டி யானைப் பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டான். வேலை போகவில்லை.

மருத்துவக் குழுவுக்கு இன்னும் தேதி வரவில்லை. அதுவரை தம்பி ஒரு காரியம் செய்கிறான். வக்கீல் சொல்லி ஆரம்பித்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில், கூப்பிட்டும் போக முடியாத வேலைகளைத் தேதியோடு எழுதுகிறான். நேற்று இரவு சாப்பிடும்போது அதைப் புரட்டிப் பார்த்தேன். "அண்ணா நகர். மூன்றாம் மாடி. வெளிப்பெட்டி மாற்றம். முடியாது என்று சொன்னேன்." அடுத்த வரி, "பெரம்பூர். தரைத்தளம். போனேன்." பதினொன்றாவது பக்கம் வரை வந்திருக்கிறது.